ரெகுலேட்டர் சூடு

உங்கள் வீட்டுச் சுவரில் முன்பு டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு ஃபேன் ரெகுலேட்டர் இருந்ததா? எங்கள் வீட்டில் இருந்தது. அதன் குமிழை அப்பா தவிர யாரும் தொடக் கூடாது. மே மாதப் புழுக்கத்திலும் ராத்திரி ஒன்றிலேயே வைப்பார். கேட்டால், 'கரண்ட் பில்லை நீயா கட்டறே?' என்பார்.

பாலிடெக்னிக்கில் ஓம் விதி படித்த திமிரில், ஒரு நாள் அப்பாவின் கையைப் பிடித்து அந்தப் பெட்டி மேல் வைத்தேன். 'சுடுதா? உள்ளே இருக்கிறது கம்பிச் சுருள். ரெஸிஸ்டர். ஃபேனுக்குப் போற வோல்டேஜில் ஒரு பங்கை இது தின்னுடுது. நீங்க மிச்சம் பிடிக்கிறதா நினைக்கிறதில் நிறைய இங்கேயே சூடாப் போகுதுப்பா.' தங்கை சிரித்தாள். அப்பா பேசாமல் கையை எடுத்துக்கொண்டார். குமிழ் மட்டும் ஒன்றிலேயே இருந்தது.

நான் சொன்னது தப்பில்லை. ஆனால் ரெஸிஸ்டர் மேல் பழி போடுவதற்கு முன் அது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ரேடியோவில் வால்யூமைத் திருகுகிறீர்களே, அதுவும் ரெஸிஸ்டர்தான். 10,000 ஓம் குமிழில் 1 வோல்ட் சிக்னல் வந்தால், அங்கே சூடாவது ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தொட்டால் தெரியாது.

12 வோல்ட் பேட்டரியில் சின்னதாக ஒரு சிவப்பு எல்.இ.டி. எரிய வேண்டுமா? அதற்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். மிச்ச 10 வோல்ட்டைத் தாங்க 500 ஓம் ஒன்றை நடுவில் போட வேண்டும். கணக்குப் போடுங்கள்: விளக்குக்குப் போவதைப் போல ஐந்து மடங்கு சக்தி ரெஸிஸ்டரில் சூடாகிறது. வீண்தான். ஆனால் அதை எடுத்துவிட்டால் விளக்கு ஒரு பளிச்சோடு காலி.

ஃபேன் மாதிரி பெரிய பசிக்காரர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அதனால்தான் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வந்தது. அதில் ஒரு வகை, மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் கொஞ்ச நேரம் ஸ்விட்சை அணைத்து வைக்கிறது. அதனால் அவ்வளவாகச் சூடு இல்லை.

அப்பா போன பிறகு அப்படி ஒன்று வாங்கி மாட்டினேன். பழைய பெட்டியைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: 'காத்து வேகமா அடிச்சா உன் தங்கைக்கு இளைப்பு வந்துடும். தன்னாலதான் எல்லாரும் வேர்த்துக் கிடக்கிறாங்கன்னு அவ நினைக்கக் கூடாதே... அதான் பில்லுன்னு சொல்லிட்டிருந்தார்.'

புது ரெகுலேட்டர் சுடுவதில்லை. தங்கை ஊரிலிருந்து வந்தால் ராத்திரி அதை ஒன்றில் வைக்கிறேன். கேட்டால் கரண்ட் பில் என்கிறேன்.