தூக்கம் என்றால் எடை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில் நர்ஸ் வேலைக்குச் சேருபவர்கள் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய வார்த்தை தூக்கம். மலையாளத்தில் அதற்கு எடை என்று பொருள். "தூக்கம் குறஞ்ஞோ?" என்று நர்ஸ் கேட்பார். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்த தமிழ்ப் பாட்டி, "ஆமாம்மா, ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லை" என்பார். சார்ட்டில் எடை குறைந்ததாக ஏறிவிடும். பனி என்றால் அங்கே காய்ச்சல். நீர் என்றால் வீக்கம், தமிழ்க்காரருக்கோ சிறுநீர்.

எல்லையோர வார்டுகளில் பல வருடம் நின்றவள் என்ற முறையில் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வார்த்தையை மட்டும் நம்பாதீர்கள். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். எடை வேண்டுமா, மெஷினில் ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது மருந்து. இன்சுலின் 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு வீரியத்தில் வருகிறது. 40க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் நோயாளிக்கு இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். பொட்டாசியம் குளோரைடை ஒருபோதும் நேராக நரம்பில் ஏற்றக் கூடாது, இதயம் நின்றுவிடும். டாக்டர் போனில் மருந்து சொன்னால், எழுதிக்கொண்டு, அளவோடு திருப்பிப் படித்துக் காட்டுங்கள். அவருக்கு எரிச்சல் வந்தால் வரட்டும்.

ஊசி குத்திவிட்டால் பல பெண்கள் மறைத்துவிடுகிறார்கள். சீனியர் சிஸ்டர் திட்டுவாரே என்ற பயம். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். உடனே சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாமல் இருந்தாலே பாதி விபத்து நிற்கும். மஞ்சள் காமாலை பி வகைக்கான மூன்று தடுப்பூசிகளையும் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போங்கள்.

கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையின் நர்ஸ் லினி, 2018 மே 21 அன்று நிபா வைரசுக்குப் பலியானார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். நோயாளியை அவர் கவனித்தபோது அது நிபா என்று யாருக்கும் தெரியாது. தியாகி என்று அவரைக் கும்பிடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. நோயின் பெயர் தெரியும்வரை காத்திராமல், இருமும் ஒவ்வொருவரிடமும் மாஸ்க்கோடு போவதும், அதைக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் கேட்பதும்தான் அவர் மரணத்திலிருந்து கற்க வேண்டியது.

வார்டுக்கு வெளியேயும் ஜாக்கிரதை தேவை. நான் வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனை என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டது. வேறு வேலை கிடைத்தும் ஐந்து மாதம் நகர முடியவில்லை. நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேரள கவுன்சிலில் பதிந்தவர் கோவைக்கு வேலைக்குப் போனால் தமிழ்நாடு கவுன்சிலிலும் பதிய வேண்டும். சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நர்சுகள் பல வருடம் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் 2018இல் கேரள அரசு தனியார் மருத்துவமனைகளில் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது.

முதல் நைட் டியூட்டியில் எல்லோருக்கும் கை நடுங்கும். நடுங்கட்டும். புரியாத மருந்துச் சீட்டை ஊகித்துப் படிக்காமல், "கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கேளுங்கள். பைஸ்டாண்டர் முகம் சுளிப்பார். ஆனால் நோயாளி மறுநாள் காலையில் காபி கேட்பார்.