சுகப்பிரசவம் என்ற சொல்

சுகப்பிரசவம் என்ற சொல்லை நம்மில் யாரும் அதிகம் சந்தேகிப்பதில்லை. கத்தி படாமல் குழந்தை வெளியே வந்துவிட்டால் அது சுகப்பிரசவம். தாயின் உடம்பிலும் மனசிலும் அந்நேரம் என்ன நடந்தது என்ற கேள்விக்கு இந்தச் சொல்லில் இடமில்லை. சுகம் யாருடையது என்று கேட்டால், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுடையது என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கவிதையில் ஒரு சொல் பொய்யாக விழுந்துவிட்டால் பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், தினசரிப் புழக்கத்தில் இருக்கும் இம்மாதிரிச் சொற்களை அப்படியே விட்டுவிடுகிறோம். இரண்டு பிரசவங்கள் ஆனவள் என்ற முறையிலும், சொற்களோடு மல்லுக்கட்டுவதைப் பழக்கமாக வைத்திருப்பவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

என் முதல் பிரசவம் சுகப்பிரசவம். ஒரு தாலுகா ஊரின் நர்ஸிங் ஹோம். அதுவரை எனக்குக் கிடைத்திருந்த அறிவு: இரும்புச் சத்து மாத்திரை, குங்குமப்பூ, இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. வலி எப்படி இருக்கும் என்று கேட்டதற்கு அம்மா, “வந்தா உனக்கே தெரியும்டி” என்றாள். தெரிந்தது. அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கையில் ட்ரிப் ஏறியது. அதில் வலியைக் கூட்டும் மருந்து கலந்திருந்தது என்பது பிற்பாடு பில்லைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பனிக்குடத்தை உடைத்தார்கள். கீழே வெட்டித் தைத்தார்கள். இதெல்லாம் தவறான வைத்தியம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒன்றையும் செய்வதற்கு முன் சொல்லவில்லை, அவ்வளவுதான். “கத்தாதம்மா, பக்கத்து பெட்ல இருக்கறவ எவ்வளவு சமத்தா இருக்கா பாரு” என்றாள் ஆயா. பதினொரு மணி நேரம் கழித்து மகள் பிறந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். ஆனால் அந்த அறையில் நான் என்று ஒருத்தி இருந்தேனா என்ற சந்தேகம் ஐந்து வருஷம் என்னை விடவில்லை.

இரண்டாவது முறை சென்னைக்கு மாற்றலாகி வந்திருந்தேன். வங்கிக்கு விடுமுறையான இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் ஒரு பிரசவ வகுப்புக்குப் போனேன். கூடவே, கிடைத்ததையெல்லாம் படித்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்ததற்கு இப்படியும் ஒரு உபயோகம்.

பயத்தைப் போக்கினால் பிரசவம் சுலபமாகும் என்ற எண்ணத்தை மருத்துவத்துக்குள் பிடிவாதமாகக் கொண்டுவந்தவர் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர். 1933இல் வெளிவந்த புத்தகத்தில் தொடங்கி அவர் வாதிட்டதன் சாரம் இது: பயம் தசையை இறுக்குகிறது, இறுக்கம் வலியைக் கூட்டுகிறது, வலி மறுபடி பயத்தைக் கூட்டுகிறது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில், நாகரிகம் பெண்ணைக் கெடுத்துவிட்டது, ‘ஆதி’ மனுஷி சிரமமில்லாமல் பெற்றுவிட்டுப் போகிறாள் என்ற வெள்ளைக்காரக் கற்பனை கலந்திருக்கிறது. “அந்தக் காலத்துல நாத்து நட்டுக்கிட்டே பெத்தா” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. அப்படிப் பெற்றவர்களில் செத்துப்போனவர்களின் கணக்கு அந்தப் பேச்சில் வராது.

பிரான்ஸின் ஃபெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குப் போய், பாவ்லோவின் கொள்கையை வைத்து அங்கே தந்துகொண்டிருந்த பயிற்சியைப் பார்த்துவிட்டு வந்து, பாரிஸில் உலோகத் தொழிலாளர் சங்கத்தின் மருத்துவமனையில் அதைத் தொடங்கினார். பிரசவ மூச்சுப் பயிற்சி என்று இன்று உலகம் அறிந்திருப்பது அவர் பெயரில்தான். ஆனால் நமக்கு அதில் சுவாரஸ்யமான விஷயம் சொல். சொல்லும் ஒரு தூண்டுதல்தான். பயமுறுத்தும் சொல்லை எடுத்துவிட்டால் வலியும் குறையும் என்பது அந்தப் பள்ளியின் நம்பிக்கை. ஆகவே ‘வலி’யை விலக்கிச் ‘சுருக்கம்’ என்று பேசப் பழக்கினார்கள்.

எங்கள் வகுப்பிலும் ‘அலை’ என்று சொல்லச் சொன்னார்கள். தமிழில் இது நடக்கிற காரியமாக எனக்குத் தோன்றவில்லை. கர்ப்பப்பை சுருங்குவதற்கு நம் பேச்சில் வேறு பெயரே கிடையாது. வலி எடுத்துவிட்டதா, சூட்டு வலியா, பிரசவ வலியா என்றுதான் கேட்கிறோம். பழைய தமிழில் வலி என்றால் பலம். குறளில் வலியறிதல் என்று ஒரு அதிகாரமே உண்டு. இதை வைத்து ஒரு வளைகாப்புப் பிரசங்கம் செய்துவிடலாம். இடுப்பு பிளக்கிற நேரத்தில் அந்தச் சொல்லாராய்ச்சி உதவாது. ஒவ்வொரு வலியும் ஏறி இறங்கும், நடுவில் ஓய்வு உண்டு, கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆகவேண்டும் என்ற பழைய கணக்கை எல்லாப் பெண்களுக்கும் பொருத்தக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது – இம்மாதிரி விவரங்கள்தான் எனக்கு உதவின.

லமாஸ் தன்னிடம் பயின்ற பெண்களை, எவ்வளவு அமைதியாக இருந்தார்கள் என்பதை வைத்து, மிகச் சிறப்பு முதல் முழுத் தோல்வி வரை தரம் பிரித்தார் என்று ஷீலா கிட்ஸிங்கர் எழுதியிருக்கிறார். ஆயா ‘சமத்து’ என்றதைத்தான் பிரெஞ்சு விஞ்ஞானமும் சொல்லியிருக்கிறது. போதனை எந்த இடத்தில் பரீட்சையாக மாறுகிறதோ, அங்கே அது தைரியம் தருவதை நிறுத்திக்கொள்கிறது.

தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று 1977இல் ஆல்பர்ட் பாந்துரா நான்கு வழிகள் சொன்னார்: தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற இன்னொருவர் செய்ததைப் பார்த்தது, பிறர் சொல்லும் வார்த்தை, தன் உடம்பின் அந்நேரத்து நிலை. இதைப் பிரசவத்துக்குப் பொருத்தி 1993இல் நான்சி லோ ஒரு அளவுகோல் தயாரித்தார். அதில் இரண்டு கேள்விகள் தனித்தனியாக வருகின்றன. இந்த வழிமுறை பிரசவத்தில் பயன்படுமா? அதை என்னால் செய்ய முடியுமா? முதல் கேள்விக்கு ஆம் சொல்லவைக்க ஒரு நல்ல வகுப்பு போதும். இரண்டாவது கேள்விக்கான பதில் வகுப்பறையில் முடிவாவதில்லை. லேபர் வார்டில் நம்மோடு யார் இருக்கிறார்கள், என்ன தொனியில் பேசுகிறார்கள் என்பதில் அது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது.

பிரசவத் திட்டம் என்ற காகிதத்தையும் நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1980இல் அமெரிக்காவில் பென்னி சிம்கினும் கார்லா ரைங்கியும் ஒரு சிறு பிரசுரத்தின் மூலம் இதைப் பரவலாக்கினார்கள். தன் விருப்பங்களைக் கர்ப்பிணி முன்கூட்டியே எழுதி ஆஸ்பத்திரியில் கொடுப்பது. இது ஒரு ஆர்டர் ஃபாரம் என்று சில டாக்டர்கள் எரிச்சல்படுகிறார்கள். உத்தரவாதப் பத்திரம் என்று சில பெண்கள் நினைத்துவிடுகிறார்கள். எழுதியபடி நடக்காதபோது அவர்கள் நொறுங்கிப்போவதும் உண்டு. கவுண்டரில் உட்கார்ந்திருப்பவளுக்குக் காகிதங்களின் குணம் தெரியும். கடன் பத்திரத்தைப் படிக்காமல், “எங்க போடணும்மா?” என்று கேட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஆஸ்பத்திரியின் சம்மதப் படிவம் அந்த ஜாதி. நோயாளி சுயநினைவோடு இருக்கும்போது வேறொருவரின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஒரு வழக்கில் சொல்லியிருந்தும், பேனா முதலில் கணவன் பக்கம்தான் நீள்கிறது. பிரசவ அறைக்குள் போகும் காகிதங்களில் பெண் தன் வாக்கியத்தில் எழுதியது இந்தத் திட்டம் ஒன்றுதான்.

நான் எழுதியது ஏழு வரி. கடைசி வரி: ஆபரேஷன் வேண்டியிருந்தால் காரணத்தை என்னிடம் சொல்லுங்கள், என் கணவரிடம் மட்டும் சொல்லாதீர்கள். இரவு ஒன்றரை மணிக்கு டூட்டி டாக்டர், என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த காகிதச் சுருளைக் காட்டினாள். “ஒவ்வொரு வலிக்கும் அப்புறம் குழந்தையோட துடிப்பு இறங்குது, லேட்டாத்தான் ஏறுது. திரும்பிப் படுங்க, இருபது நிமிஷம் பாக்கலாம். சரியாகலேன்னா ஆபரேஷன் நல்லதுன்னு நினைக்கிறேன். உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?” கேட்டேன். பதில் சொன்னாள். இருபது நிமிஷம் கழித்து நான்தான் சரி என்றேன். ஏழு வரிகளில் நான்கு நடக்கவில்லை. ஊரின் கணக்கில் இது சுகப்பிரசவம் ஆகாது. ஆனால் அந்த அறையில் நான் இருந்தேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் அனுபவம் ஒருத்தியின் அனுபவம். ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த எலன் ஹாட்னெட் 2002இல் சொன்னதும் இதற்கு ஒட்டியே இருக்கிறது: ஒரு பெண் தன் பிரசவத்தைப் பின்னால் எப்படி மதிப்பிடுகிறாள் என்பதில் வலியின் அளவைவிட, அவளுடைய எதிர்பார்ப்பு, கிடைத்த ஆதரவு, பார்த்துக்கொண்டவர்களோடு அமைந்த உறவு, முடிவுகளில் அவளுக்கு இருந்த பங்கு ஆகியவை அதிகம் தீர்மானிக்கின்றன.

சனிக்கிழமை வகுப்பு மாதச் சம்பளக்காரியின் வசதி என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடந்தன, 44.9 சதவீதம் சிசேரியன், தனியாரில் 63.8. காசு கொடுப்பவளுக்குக் கூடுதல் பேச்சுரிமை கிடைத்துவிடவில்லை. மாறாக, பிரசவ அறையில் உடனிருக்க உறவுக்காரப் பெண் ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு இங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் 2004லேயே வந்துவிட்டது. பதினைந்தாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 பரிசோதனைகளை 2017இல் தொகுத்தபோது, தொடர்ந்து ஒருவர் உடனிருந்தால் சிசேரியன் குறைகிறது, கசப்பான நினைவும் குறைகிறது என்று தெரிந்தது. இதற்கு ஆகும் செலவு ஒரு ஸ்டூல். அதைப் போட இடம் கொடுக்கும் மனசு எல்லா வார்டிலும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

சுகப்பிரசவத்துக்கு மாற்றாக ஒரு சொல்லை நான் செய்து தரப்போவதில்லை; அப்படிச் செய்யப்பட்ட சொற்கள் அகராதியோடு நின்றுவிடுகின்றன. குழந்தை பார்க்கப் போகிறவர்கள் “நார்மலா, சிசேரியனா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, “உன்கிட்ட சொல்லிட்டுச் செஞ்சாங்களா?” என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். பெற்றவள் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்பதையும் கவனிக்கலாம்.