மகளின் சடை: கேட்டவர்கள் எல்லாருக்குமாக

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் குற்றாலத்தில் எடுத்த படத்தைப் போட்டிருந்தேன். அருவியில் தண்ணீர் எப்படி என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாரும் கேட்டது என் மகளின் தலையைப் பற்றித்தான். "டீச்சர், பாப்பாவுக்கு என்ன ஆச்சு?" "மதினி, ஏதும் நேர்ச்சையா?" என்று வரிசையாக. பழைய மாணவி ஒருத்தி மட்டும் போனில் கூப்பிட்டு, தன் மகனும் இப்படி வளர்க்கப்போவதாகச் சொல்கிறான், என்னென்ன நடக்கும், முன்கூட்டியே சொல்லுங்கள் என்று விவரமாகக் கேட்டாள். தை மாதம் தம்பி வீட்டுக் கல்யாணம் வேறு வருகிறது. பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு முறை சொல்வதைவிட, இங்கேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

அதற்குப் பெயர் ட்ரெட்லாக்ஸ். நம் மொழியில் சடைமுடி. தமிழில் வேடிக்கையைப் பாருங்கள், ரிப்பன் கட்டிப் பின்னுவதும் சடை, சிவபெருமான் தலையில் இருப்பதும் சடை. ஒன்று தினமும் சிக்கெடுத்தால் வருவது, மற்றொன்று சிக்கெடுக்காமல் விட்டால் வருவது. முதல் வகைச் சடையை இவள் தலையில் நான் பன்னிரண்டு வருடம் பின்னியிருக்கிறேன். காலை ஏழரை மணிக்கு என் பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிவிடும், அவளுக்கு ரெட்டைச் சடை மடித்துக் கட்டவும் வேண்டும். இரண்டாவது வகையையும் என் கையாலேயே போட்டேன் என்பதுதான் உங்களில் பலருக்குத் தெரியாத சங்கதி.

போன வருடம் மே மாதம் பெங்களூரிலிருந்து வந்தாள். அவள் கார்ட்டூன் படங்களுக்கு வரையும் வேலை செய்கிறாள், வயது 29. "அம்மா, உன் குரோஷா ஊசி இருக்கா?" என்று கேட்டாள். ஆசிரியர் பயிற்சியில் கைத்தொழில் பாடத்துக்காக வாங்கிய ஊசிகள் இன்னும் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கின்றன. மேசை விரிப்பு பின்னப் போகிறாள் என்று நினைத்து எடுத்துக் கொடுத்தேன். அதில் தடித்த ஊசிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஆக மெல்லிய எஃகு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னாள்.

மறுக்கவும் செய்தேன், கோபித்துக்கொள்ளவும் செய்தேன். பெங்களூரில் யாரிடமாவது போய்ச் செய்துகொள்வேன் என்றாள். யாரோ ஒருவர் கையில் என் பிள்ளையின் தலையைக் கொடுப்பதற்கு நானே செய்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் ஆனது. தலையை ஏறக்குறைய ஓர் அங்குலச் சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். கணக்கு நோட்டுக் கட்டம்போல நேராக அல்ல, கொத்தனார் செங்கல் வைப்பதுபோல மாற்றி மாற்றி. இல்லாவிட்டால் மண்டையில் கோடு கோடாக வழி தெரியும். பிறகு ஒவ்வொரு சதுரத்தின் முடியையும் பிடித்து, சீப்பால் நுனியிலிருந்து வேரைப் பார்த்துச் சீவ வேண்டும். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு எதைச் செய்யாதே என்று சொன்னேனோ அதை. முடி ஒன்றோடொன்று சிக்கிப் பந்துபோல ஆனதும், குரோஷா ஊசியை உள்ளே விட்டு, வெளியே நீட்டும் முடியைக் கொக்கியில் மாட்டி உள்ளே இழுக்க வேண்டும். குத்தி இழு, குத்தி இழு. மொத்தம் 54 சடை. மூன்றாம் நாள் என் கட்டைவிரல் மடங்கவில்லை.

இனி அந்த மாணவிக்காக, என்ன எதிர்பார்க்கலாம் என்பது.

முதல் இரண்டு வாரம் தலை வலிக்கும், இழுக்கும், அரிக்கும். தலையணையில் எந்தப் பக்கம் படுத்தாலும் உறுத்தும். நீளம் குறைந்துவிடும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். இவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி முதுகின் நடுவுக்கு ஏறிவிட்டது. முடி எங்கேயும் போகவில்லை, நேராக இருந்தது சுருண்டு மடங்கிச் சடைக்குள்ளே போய்விட்டது, அவ்வளவுதான்.

தலைக்குக் குளிக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறீர்கள். தப்பு. சுத்தமான முடிதான் நன்றாக இறுகும். எண்ணெய்ப் பசை இருந்தால் முடிக்கு முடி வழுக்கிப் பிரிந்துவிடும். அதனால் தேங்காய் எண்ணெய் கிடையாது. சீயக்காயும் கிடையாது, அந்தப் பொடி சடைக்குள்ளே போய் ஒட்டிக்கொண்டால் எடுக்க வழியில்லை. எனக்கு இதுதான் பெரிய வருத்தமாக இருந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்காத தலை எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, மண்டைத்தோலை மட்டும் விரலால் தேய்த்து, நுரை முழுக்கப் போகும்வரை அலச வேண்டும். சடை இறுகுவதற்கென்று மெழுகு விற்கிறார்கள். வாங்காதீர்கள். போட்டால் போகாது, தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குளிப்பதைவிடக் காயவைப்பதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு சடையும் பஞ்சுபோலத் தண்ணீரைக் குடிக்கும். அருவியில் நின்றுவிட்டு வந்தபோது கழுத்தில் ஒரு குடம் தொங்குகிற மாதிரி இருக்கிறது என்றாள். ஈரத்தோடு கட்டி வைத்தாலோ ஈரத்தோடு தூங்கினாலோ உள்ளே பூசணம் பிடித்து, மழையில் நனைந்த கோணிச்சாக்கு வாடை வரும். வந்துவிட்டால் வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லாமலும் போகலாம். போன ஐப்பசி அடைமழையில் அவள் இங்கே இருந்தாள். மூன்று நாள் வெயிலே இல்லை. அவள் அப்பா, மே மாதத்திலிருந்து அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாதவர், மத்தியானம் வெளியே போய் ஒரு பெரிய நிற்கிற ஃபேன் வாங்கிவந்து, ஹாலில் அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே வைத்துவிட்டுச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, போய் உட்கார்ந்து தலையைக் காட்டினாள்.

இரண்டாம் மாதத்திலிருந்து ஏழெட்டு மாதம்வரை பார்க்கச் சகிக்காது. உள்ளதைச் சொல்கிறேன். முடி அங்கங்கே வளையம் வளையமாக வெளியே வரும். ஒரு சடை நடுவில் புடைக்கும், இன்னொன்று நுனியில் அவிழும். மேலிருந்து பார்த்தால் பலாப்பழம். அடியில் பக்கத்துச் சடைகள் ஒன்றோடொன்று சேரப் பார்க்கும், குளித்த பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து விடாவிட்டால் இரண்டு ஒன்றாகிவிடும். வளர்க்கத் தொடங்கி விட்டுவிடுகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் விடுகிறார்களாம். ஆப்பிரிக்கர்களின் சுருட்டை முடி சீக்கிரம் சடையாகும். நம்மைப்போல நேர்முடிக்கு ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். இவளுக்குப் பதினான்காம் மாதம்தான் ஒழுங்காகத் தொங்க ஆரம்பித்தது.

பேன் வருமா? வரும், எந்தத் தலைக்கும் வருவதுபோல. சடையினால் உண்டாவதில்லை, ஆனால் வந்தால் பேன்சீப்பு போட முடியாது. முடி கொட்டுமா? எல்லாருக்கும் தினமும் ஐம்பது முதல் நூறு முடிவரை உதிரத்தான் செய்யும். இவளுக்கு அது சடைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. சடை கனப்பதும் அதனால்தான். ஆனால் எப்போதும் இறுக்கிக் கட்டினால் வேர் பலவீனமாகி நெற்றியோரம் வழுக்கை விழும். இறுக்கமான கொண்டை ஆகாது. பொடுகு இருந்தால் அதைச் சரிசெய்த பிறகு தொடங்குவது நல்லது.

பிடிக்காவிட்டால் மொட்டைதானா என்று அத்தை கேட்டார்கள். தேவையில்லை. கண்டிஷனரை நிறையப் போட்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தால் பிரியும். பல நாள் பிடிக்கும். இத்தனை மாதம் உள்ளே தங்கிய உதிர்ந்த முடி எல்லாம் கொத்துக் கொத்தாக வரும்போது பார்க்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது.

கஞ்சா குடிக்கிறவர்கள்தானே இப்படி வைப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஜமைக்கா நாட்டில் 1930களில் ரஸ்தாஃபாரி என்றொரு சமயம் தோன்றியது. எத்தியோப்பியாவில் 1930இல் முடிசூடிய ஹெய்லி செலாசியை இறைவனின் வடிவமாகக் கொண்டாடிய ஏழைக் கறுப்பின மக்கள். சடை அவர்களின் அடையாளமாயிற்று. அதற்கு ஆதாரமாக அவர்கள் காட்டுவது பைபிளில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரம், தலையில் சவரகன் கத்தி படக் கூடாது என்ற நசரேய விரதம். சிம்சோன் கதை என் கிறிஸ்தவ மாணவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்குக் கஞ்சா புனிதச் செடி, அது உண்மை. அந்த 'கஞ்சா' என்ற சொல்லே 1845 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிப் போன நம் இந்தியர்களோடு அங்கே போனது. சாதுக்களின் சடையைப் பார்த்துத்தான் அவர்களும் வளர்த்தார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. பாடகர் பாப் மார்லியால் அது உலகம் முழுக்கத் தெரிந்தது. என் மகளுக்கு அந்தச் சமயமும் இல்லை, அந்தப் புகையும் இல்லை. காபி மட்டும் அளவுக்கு மீறிக் குடிக்கிறாள்.

அந்த ஜமைக்காவிலேயே சடை வைத்த சிறுமியைப் பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாமல் வழக்கு நடந்தது. 2020இல் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது, 2024இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2019இல், இப்படிப்பட்ட முடிக்காகப் பள்ளியிலோ வேலையிலோ ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். ஒரு தலைமுடிக்கு இவ்வளவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது, எங்கள் வீட்டில் நடப்பதைப் பார்க்கும்வரை.

நம் ஊரில் இது வேறு மாதிரி. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு பாட்டிக்குச் சடை விழுந்திருந்தது. அம்மன் இறங்கியிருக்கிறாள், வெட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரும் கை வைக்கவில்லை. அந்தப் பாட்டி வலியில் கழுத்தைச் சாய்த்தபடியே நடப்பார். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புக்காரர்கள் இப்படிப்பட்ட பெண்களிடம் பேசிப் பயத்தைப் போக்கி, அவர்கள் சம்மதத்தோடு சடையை எடுத்துவிடுகிறார்கள். நல்ல காரியம். விரும்பி வளர்ப்பது வேறு, பயந்து சுமப்பது வேறு. போன கார்த்திகைக்குத் திருவண்ணாமலை போயிருந்தபோது ஓர் அம்மாள் என் மகளின் முன்னால் குனிந்து திருநீறு கேட்டுவிட்டார். இவள் பதறிப்போய் என் கைப்பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

சரி, ஏன் வளர்த்தாள்? நானும் கேட்டேன். "பெண் பார்க்க வந்தவங்க எல்லாரும் என் முடியைத்தாம்மா பார்த்தாங்க. நான் வரைஞ்சதை ஒருத்தரும் பார்க்கலை" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

ஆனி மாதம் ஒரு வரன் இதனால் தட்டிப்போனது. ஜாதகம் பொருந்தி, பேச்சு முடியும் நேரத்தில், முடியைச் சரிசெய்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லியனுப்பினார்கள். இவள் முடியாது என்றாள். அன்றிரவு நான் தூங்கவில்லை. அவள் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

எனக்கு அந்தச் சடை பிடித்திருக்கிறதா என்றால், இல்லை. பதினெட்டு மாதம் ஆகியும் இல்லை. விரலை விட்டு வாரிவிட்ட அந்தப் பழைய முடி இன்னும் என் கைக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் இப்போது அவள் ஊருக்கு வந்தால், அடியில் புதிதாக வளர்ந்த முடியை நான்தான் ஊசியால் உள்ளே இழுத்துவிடுகிறேன். இரண்டு மணி நேரம் என் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் ஆபீஸ் கதை, வாடகை, சண்டை எல்லாம் எனக்குத் தெரிவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

அதனால் உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டில் "ஏட்டி, இது என்ன கோலம்" என்று ஆரம்பிக்க வேண்டாம். அவளிடம் கேட்க வேண்டுமானால் என்ன வரைகிறாய் என்று கேளுங்கள். தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் கேட்டுவிட்டுத் தொடுங்கள், பின்னாலிருந்து இழுக்காதீர்கள். குழந்தைகளிடமும் சொல்லிவிடுங்கள்.

தம்பி மனைவி, பூ எப்படி வைப்பாள் என்று கேட்டிருந்தாள். நெருக்கமாகத் தொடுத்த மல்லிகையை நான்கைந்து சடையைச் சேர்த்துச் சுற்றிவிட்டால் போதும், ஹேர்பின்னே வேண்டாம், ராத்திரிவரை அப்படியே நிற்கிறது. நான்கு முழம் சேர்த்துச் சொல்லிவிடு.