புல்லட்டா, யெஸ்டியா, அவெஞ்சரா?



இந்தச் சுவரிதழில் மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் போகிறேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று பையன்கள் சிரிக்கலாம். முழுவதும் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் அண்ணன் ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறது. அதற்குப் புது வண்டி வாங்குவது என்று வீட்டில் பேச்சு வந்ததும் எங்கள் திண்ணை ஒரு மாதம் பட்டிமன்ற மேடை ஆகிவிட்டது. அண்ணன் ராயல் என்ஃபீல்டு கட்சி. பெரியப்பா யெஸ்டி கட்சி. மாமா அவெஞ்சர் கட்சி. நடுவர் அப்பா. அப்பா எக்ஸ்எல் மொபெட் தவிர வேறு எதுவும் ஓட்டியதில்லை, அதனால் யார் பேசினாலும் தலையை ஆட்டியது. பேசுகிறதை எல்லாம் ரஃப் நோட்டில் எழுதி வைக்கும் வேலை எனக்கு.

முதலில் குரூசர் வண்டி என்றால் என்ன என்று சொல்கிறேன். சீட்டு தாழ்வாக இருக்கும். ஹேண்டில் பார் அகலமாக, உயரமாக இருக்கும். கால் வைக்கும் இடம் கொஞ்சம் முன்னால் இருக்கும். நாற்காலியில் சாய்ந்த மாதிரி உட்கார்ந்து போகலாம். இந்த உருவம் அமெரிக்காவில் பிறந்தது. அங்கே 1901-ல் இந்தியன் என்ற கம்பெனியும், 1903-ல் ஹார்லி டேவிட்சன் கம்பெனியும் தொடங்கின. எது பெரியது என்று அவர்களுக்குள் ஐம்பது வருடம் போட்டி. 1953-ல் இந்தியன் தொழிற்சாலை மூடிவிட்டது. அது நம் நாட்டு வண்டி இல்லை, பெயர் மட்டும் அப்படி. பல மணி நேரம் நேராகவே போகும் ரோடு அவர்களுக்கு. நம் ஊர் ரோட்டில் பத்தடிக்கு ஒரு பள்ளம். கால் முன்னால் இருப்பதால் பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடம்பைத் தூக்க முடியாது. அடி நேராக இடுப்பு எலும்பில் விழும். இதை எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன்தான் சொன்னது.

இனி பட்டிமன்றத்துக்கு வருவோம்.

அண்ணன் பேசியது: "ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்து பேரா இருக்கலாம். ஆனா இப்ப அது நம்ம வண்டி. 1955-ல் மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல பேக்டரி கட்டுனாங்க. நம்ம ராணுவத்துக்காகத்தான் புல்லட்டு வந்துச்சு. இங்கிலாந்து கம்பெனி மூடுன பிறகும் நம்ம கம்பெனி நிக்குது. 2013-லேர்ந்து நான் வேலைக்குப் போற ஒரகடத்துலயே வண்டி செய்றாங்க. பக்கத்துல செய்ற வண்டிய விட்டுட்டு வேற எத வாங்கறது?"

எங்கள் ஊரில் ராயல் என்ஃபீல்டு எது வந்தாலும் புல்லட்டு என்றுதான் சொல்வார்கள். ஆனால் அண்ணன் கேட்டது 2020-ல் வந்த மீட்டியோர் 350. அந்தக் கம்பெனியின் குரூசர்களில் அது ஒன்று. அதன் என்ஜின் 349 சிசி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு மேல் போனால் 40 சதவீதம். "ஒரே ஒரு சிசியில தப்பிச்சிட்டோம்" என்று அண்ணன் சிரித்தது.

எனக்கு அந்த 349 எப்படி வருகிறது என்று தெரியவேண்டும் என்று ஆசை. சிசி என்றால் கன சென்டிமீட்டர். பிஸ்டன் ஓடும் சிலிண்டர் ஓர் உருளை. உருளையின் கன அளவு பத்தாம் வகுப்புப் பாடம், ஆனாலும் கணக்கு சாரிடம் கேட்டேன், சொல்லிக் கொடுத்தார். அந்தச் சிலிண்டரின் விட்டம் 72 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 85.8 மில்லிமீட்டர். ஆரம் 3.6 சென்டிமீட்டர், அதன் வர்க்கம் 12.96, அதைப் பையால் பெருக்கி 8.58-ஆல் பெருக்கினேன். 349 வந்தது! விட்டத்தைவிட ஏறி இறங்கும் தூரம் அதிகம் என்பதால் மெதுவாகப் போகும்போதும் நல்ல இழுவை இருக்கும் என்று மெக்கானிக் அண்ணன் சொன்னது. கணக்குப் புத்தகம் எதற்கு என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பெரியப்பா பேசியது: "இன்னாடா பெரிய புல்லட்டு. ஜாவா செக்கோஸ்லோவாகியா வண்டி. 1960-கள்ல மைசூர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. அப்புறம் அதுக்கே யெஸ்டின்னு பேர் வெச்சாங்க. ஒரே லிவர்தான், அதுவே கிக்கர், அதுவே கியர். ரெண்டு சைலன்சர். என் வண்டி உங்கப்பன் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்குனது, இன்னைக்கும் மூணாவது உதைல எடுக்கும்." மைசூர் தொழிற்சாலை 1996-ல் மூடிவிட்டது. 2018-ல் ஜாவாவும், 2022-ல் யெஸ்டியும் வேறு கம்பெனி மூலம் மறுபடி வந்தன. புது யெஸ்டி ரோட்ஸ்டர் 334 சிசி, ரேடியேட்டர் வைத்த என்ஜின். பழைய வண்டி பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக், இது ஃபோர் ஸ்ட்ரோக். "பேர் ஒண்ணுதான் பெரியப்பா, வண்டி வேற" என்று நான் சொன்னதற்கு, "நீ எழுதற வேலைய மட்டும் பாரு பாப்பா" என்றார்.

மாமா பேசியது: "ரெண்டு பேரும் பழம் பெருமை பேசறீங்க. 2001-ல் பஜாஜ்காரன் ஜப்பான் கவாசாகியோட சேந்து எலிமினேட்டர்னு ஒரு வண்டி உட்டான். அதே சாயல்ல 2005-ல் அவெஞ்சர் வந்துச்சு. இருக்கறதுலயே தாழ்வான சீட்டு. எடையும் கம்மி." மாமா சொன்னது சரியா என்று பார்க்க மூன்று வண்டியின் அளவுகளையும் எழுதினேன். சாதா புல்லட் 350-இன் சீட்டு உயரம் 805 மில்லிமீட்டர். மீட்டியோர் 765. அவெஞ்சர் குரூஸ் 220-இன் சீட்டு 737. மீட்டியோர் எடை 191 கிலோ, அதாவது இரண்டரை நெல் மூட்டை. அவெஞ்சர் 163 கிலோ. ஆனால் அவெஞ்சரில் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் 1,490 மில்லிமீட்டர், மீட்டியோரைவிட 90 மில்லிமீட்டர் நீளம். சந்தில் திருப்புவது கொஞ்சம் கஷ்டம்தான்.

மூன்று கட்சியும் இப்படியே பேசிக்கொண்டிருக்க, நான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். முதல் பணம் 80,000 ரூபாய். அது அம்மா கட்டிய சீட்டுப் பணம். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போய், மூன்று வருடம் மாதாமாதம் கட்டியது. ஆனால் அந்த ஒரு மாதமும் அம்மா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடும். யாரும் "உனக்கு எந்த வண்டி புடிக்குது?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்று. அம்மாவுக்கு முட்டி வலி. மாதம் ஒரு தடவை செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். வண்டி வந்தால் அதில்தான் போகும். அம்மா சேலை கட்டி ஒரு பக்கமாக உட்காரும். இடது காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி ஏறவேண்டும். முட்டி மடங்காதவருக்குப் பின் சீட்டு இரண்டு அங்குலம் உயர்ந்தாலும் அது மலை மாதிரி. முன் சீட்டின் உயரம்தான் எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. பின் சீட்டின் உயரம் தேடித்தான் எடுக்கவேண்டும்.

சட்டம்கூட பின்னால் உட்காருபவரை மறக்கவில்லை. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி அவர்களுக்காகவே இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு பிடி வேண்டும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேண்டும், துணி மாட்டாமல் பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். நாம் சாரி கார்டு என்று சொல்வது அதுதான். அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் அண்ணன்மார்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

அன்று இரவு நான் நோட்டை எடுத்துக்கொண்டு போய் நடுவர் முன்னால் உட்கார்ந்தேன். "அப்பா, நான் கணக்கு மட்டும் படிக்கிறேன்" என்றேன். புது மீட்டியோர் வாங்கினால் 80,000 போக 1,60,000 கடன். ஷோரூமில் எழுதிக் கொடுத்தபடி மாதம் 5,600 வீதம் 36 மாதம். மொத்தம் 2,01,600. வட்டி மட்டும் 41,600. போக வர ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், மாதம் 26 நாள் என்றால் 2,080 கிலோமீட்டர். லிட்டருக்கு 35 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் கிட்டத்தட்ட 6,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 11,600. அண்ணன் சம்பளம் 17,000. மீதி 5,400. கம்பெனி பஸ் உத்திரமேரூர் வரைக்கும் சும்மாவே வருகிறது.

யாரும் பேசவில்லை. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பி, "இது அம்மா பணம். அம்மாவும் உக்காரப் போற வண்டி. அம்மா இன்னும் பேசவே இல்ல" என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னது: "அவன் ஆசப்படறது தப்பில்ல. இந்த வயசுல ஆசப்படாம எப்ப ஆசப்படுவான்? ஆனா கடன் வேணாம். நான் ஏறி உக்காந்து பாக்காம பணம் குடுக்க மாட்டேன்."

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நாங்களும் வண்டி பார்க்கப் போனோம். ஷோரூமில் எல்லோரும் அண்ணனுக்குத்தான் விளக்கம் சொன்னார்கள். அம்மா ஏறிப் பார்க்கவேண்டும் என்றதும் ஒரு இடத்தில் சிரித்தார்கள். அம்மா கண்டுகொள்ளவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணன் தோளைப் பிடித்து ஒவ்வொரு வண்டியிலும் ஏறிப் பார்த்தது. நான் இஞ்ச் டேப்பால் தரையிலிருந்து ஃபுட்ரெஸ்ட், ஃபுட்ரெஸ்டிலிருந்து பின் சீட்டு என்று அளந்தேன்.

கடைசியில் கடன் இல்லாமல் கிடைத்தது ஒரு பழைய வண்டி. 2019-ஆம் வருட அவெஞ்சர் குரூஸ் 220. முன் சக்கரத்துக்கு ஏபிஎஸ் உண்டு. பின் சீட்டில் முதுகு சாய ஒரு திண்டும் உண்டு. அம்மா முதல் தடவையிலேயே ஏறி உட்கார்ந்து, "இது போதும்" என்றது. விலை 68,000. மெக்கானிக் அண்ணன் செயின், டயர், ஆயில் கசிவு எல்லாம் பார்த்தது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்த நம்பரும் ஒன்றா என்று நான் எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்தேன். முதல் சொந்தக்காரரின் கடன் முடிந்ததா என்றும் பார்த்தோம். மீதி 12,000-ல் பின் டயர், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம், இரண்டு ஹெல்மெட். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 என்று இரண்டு படிவம். அதை எழுதும்போது, "யார் பேருக்கு?" என்று கேட்டேன். அண்ணன் தானாகவே, "அம்மா பேர் எழுது" என்றது. வண்டி சொந்தமாக இருக்க ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. இப்போது ஆர்.சி.யில் எங்கள் அம்மா பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் ரேஷன் கார்டு தவிர அம்மா பெயர் அச்சில் வந்த பொருள் இதுதான்.

உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? அண்ணனுக்கு இரண்டு நாள் முகம் வாடித்தான் இருந்தது. புல்லட்டுச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் திரும்பிப் பார்க்கும். "என் சம்பளத்துல சேத்து ஒரு நாள் வாங்குவேன்" என்கிறது. வாங்கட்டும், நல்ல வண்டிதான். யெஸ்டியும் நல்ல வண்டிதான். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறது, ஞாயிறு அன்று வண்டியைத் துடைத்துத் துடைத்து வைக்கிறது. அம்மா இரண்டு பஸ் மாறாமல் மருத்துவமனைக்குப் போய் வருகிறது.

என்னைப் பொறுத்தவரை, கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆகவேண்டும். இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. 737 மில்லிமீட்டர் சீட்டில் உட்கார்ந்தால் என் இரண்டு காலும் இப்போதே தரையில் படுகிறது. அளந்து பார்த்துவிட்டேன்.

தோழர் தோழியரே, உங்கள் வீட்டிலும் வண்டி வாங்கும் பேச்சு வரும். எந்தக் கம்பெனி உசத்தி என்று சண்டை போடும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். தினமும் எவ்வளவு தூரம்? எந்த ரோடு? கடன் கட்டியபின் கையில் எவ்வளவு மிஞ்சும்? பின்னால் உட்காரப் போவது யார்? நான்காவது கேள்வியை மட்டும் நீங்களே பதில் எழுதாமல், அவர்களிடமே போய்க் கேளுங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி