சிக்னல் தேடி வால்பாறைக்கு!

பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது என்னென்ன விசாரிப்போம்? மாப்பிள்ளைக்கு நல்ல குணமா, வீட்டில் தண்ணீர் வருமா, பக்கத்தில் ஆஸ்பத்திரி உண்டா... இதெல்லாம் நானும் கேட்டேன். ஒன்றை மட்டும் கேட்க விட்டுப் போயிற்று. "அங்கே போன் எடுக்குமா?"

மாப்பிள்ளைக்கு வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை மாற்றல். ஏழு மாதக் கைக்குழந்தையுடன் மகளும் கிளம்பினாள். போவதற்கு முன், "மலை முழுக்க எங்கள் டவர்தான்" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஒரு சிம் கார்டை வாங்கிக்கொண்டு போனாள். பத்தாம் நாள் ராத்திரி குழந்தைக்கு நல்ல காய்ச்சல். மாப்பிள்ளை வேலையில் இருந்தார். கையில் போன் இருந்தும் ஒரு கோடுகூட இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் போனில் பேசினாள். குழந்தை பிழைத்தது, ஆண்டவன் புண்ணியம். மறுநாள் எனக்கு விஷயம் தெரிந்ததும் அடி வயிறு கலங்கிவிட்டது.

"ஏனுங்க, நாமே நேரில் போய்ப் பார்த்துவிடலாம்" என்றேன் இவரிடம். என் போன் ஒரு கம்பெனி, இவருடையது வேறு, பையனுடையது மூன்றாவது. மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு உடுமலையிலிருந்து பொள்ளாச்சி போய், அங்கே வால்பாறை பஸ் பிடித்தோம். ஏறக்குறைய 64 கிலோமீட்டர்தான். ஆனால் 40 கொண்டை ஊசி வளைவுகள்! எனக்குத் தலை சுற்றும் என்பதால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆழியாறு அணை வரை மூன்று போனும் சமர்த்தாக வேலை செய்தன. மலை ஏற ஆரம்பித்ததும் ஒன்று போயிற்று. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ என்ற இடத்திலிருந்து பார்த்தால் அணை பள்ளத்தில் வெள்ளித் தட்டு மாதிரித் தெரிகிறது. பாறை மேல் வரையாடுகள் நின்றன. அங்கே மறுபடி மூன்றும் உயிர் பெற்றன. அடுத்த திருப்பத்தில் இரண்டு காலி! டவரிலிருந்து வரும் அலையை மலை மறைத்துவிடும் என்று இவர் விளக்கினார். விளக்கைக் கையால் மறைத்தால் நிழல் விழுகிற மாதிரிதானாம். கவர்க்கல் பக்கம் பனிமூட்டம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் மரத்துக்கு மரம் தாவின. வால்பாறை ஊருக்குள் மூன்று போனிலும் கோடுகள் நிறைந்து நின்றன. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது ஊருக்கு மட்டும்தான் நிஜம்!

மகள் வீடோ ஒரு பள்ளத்தில். அங்கே என்ன செய்தோம் தெரியுமா? மூன்று போனையும் வாசலில், கூடத்தில், அடுக்களையில், குழந்தை தூங்கும் அறையில் வைத்துப் பார்த்தோம். வாசலில் இரண்டு கோடு காட்டியது உள்ளே வந்ததும் செத்துவிட்டது. ஓட்டு வீட்டில் ஒரு மாதிரி, கான்கிரீட் வீட்டில் ஒரு மாதிரி. கோடுகளை மட்டும் நம்பாமல் நிஜமாகவே பேசிப் பார்த்தோம். பகலிலும், ராத்திரியிலும், கரண்ட் போன நேரத்திலும்! பையன் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம்: போனின் செட்டிங்ஸில் சிம் நிலவரம் பார்த்தால், சிக்னல் பலம் மைனஸ் எண்ணில் இருக்கும். மைனஸ் 90 என்றால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு அறுந்துபோகும். கடைசியில் பையனுடைய கம்பெனிதான் எல்லா அறையிலும் எடுத்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் இருப்பதும் அதுவேதான்!

அன்று ராத்திரி அந்த அம்மாவின் போனுக்குச் செய்தி வந்தது. யானைக் கூட்டம் பக்கத்தில் நிற்கிறதாம். வால்பாறையில் 2011 முதல் இப்படிக் குறுஞ்செய்தியில் யானை நடமாட்டத்தைத் தெரிவிக்கிறார்கள். போன் மூலம் எரியவிடும் சிவப்பு விளக்குகளும் உண்டு. இந்தப் பணிக்காக ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளருக்கு 2015-ல் விட்லி விருது கிடைத்தது. "கண்ணு, வெளியே வராதே" என்று அந்த அம்மா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். என் மகளின் போன் மேஜை மேல் ஊமையாகக் கிடந்தது. சிக்னல் என்பது சும்மா அரட்டைக்கு மட்டுமில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சகோதரிகளே, புது ஊர் போகிறீர்களா? கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் டவர் வரைபடம் போட வேண்டும் என்று 2024-ல் விதி வந்திருக்கிறது. அதைப் பாருங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள். பக்கத்து வீட்டில் கேளுங்கள். தெரிந்தவர் போனை வாங்கி அடுக்களையில் நின்று பேசிப் பாருங்கள். முடிந்தால் இரண்டு சிம் போடும் போனில் இரண்டு கம்பெனி வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பர் மாறுமே என்ற பயம் வேண்டாம். 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க அதே நம்பரோடு கம்பெனி மாறலாம். ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, உங்கள் நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நமக்கு நான்கு நாள்தான் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டும். பழைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். என் மகளுக்கு அந்த 90 நாள் ஆகவில்லை. அதனால் இரண்டாவதாகப் பையனுடைய கம்பெனி சிம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம்.

இப்போது தினமும் காலையில் குக்கர் வைக்கிற நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாள். பேச்சு சுவாரஸ்யத்தில் நேற்றுகூட நான் விசிலை எண்ண மறந்து, சாதம் குழைந்துவிட்டது. இவர் ஒன்றும் சொல்லவில்லை, மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "குழந்தை என்ன பண்றானாம்?" என்றுதான் கேட்டார்!