ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

293318625600. பயப்படாதீங்க, இது யாரோட ஆதார் நம்பரும் இல்லீங்க.

எங்க ஊர் ஈரோடு. 1887-ல் ராமானுஜன் பிறந்த ஊர்னு பெருமையாச் சொல்லுவோம். அவரோட கணக்குன்னு கேட்டா 1729-ஓட பேச்சு முடிஞ்சிடும். கோவைக்குப் படிக்க வந்த பிறகு, 1915-ல் வெளியான அவரோட கட்டுரை ஒண்ணை எடுத்துப் பார்த்தேன்.

12-க்கு 6 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இந்த மாதிரி எண்களை, கால்குலேட்டர் இல்லாத காலத்துல, நூற்றுக்கு மேலே பட்டியல் போட்டிருக்கார். கடைசி எண் 6746328388800.

நடுவுல ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. அதுதான் முதல் வரியில இருக்கிற எண். சரிபார்ப்போமா?

அது 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. ஒவ்வொரு அடுக்கோடவும் 1 கூட்டிப் பெருக்குங்க: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். அந்த எண்ணையே 23-ஆல் பெருக்குங்க, அவரோட கடைசி எண் வந்துடும்!

பைத்தான்ல இதுக்கு ஒரு லூப் போதும். ஆனா அவரைத் தெய்வமாக்கி எட்ட வச்சுட்டா, இப்படிப் பக்கத்துல உட்கார்ந்து கணக்குப் போட முடியாதுங்க. விட்டுப்போன அந்த எண்தான் எனக்கு அவரைப் பக்கத்துல கொண்டுவந்துச்சு.

5040-உம் அதே பட்டியல்ல இருக்கு. அதுக்கு எத்தனை காரணி? பேனாவை எடுங்க.