அடுத்த அவர்

2022, மே 23. சாயங்கால நேரம். கீரப்பாளையம் டீக்கடை. மறுநாள் மேட்டூர் திறக்கிறார்கள், வீராணத்துக்குத் தண்ணி எப்போ வரும், நாத்து எப்போ விடலாம் என்று பெஞ்சில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நாலு பையன்கள் ஒரே செல்போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஹாக்கி. இந்தியா - பாகிஸ்தான்.

திடீரென்று ஒரே கூச்சல். கோல்! அடித்தவர் கார்த்தி செல்வம். நமக்குப் பக்கத்து மாவட்டம், அரியலூர். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் பழகி, இந்திய அணியின் ஃபார்வர்டாக வந்த பையன்.

பெஞ்சிலிருந்த பெரியவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த தன்ராஜ் பிள்ளை வந்துட்டான்யா!"

எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால், வீட்டுக்கு சைக்கிளை மிதிக்கும்போது மனசுக்குள் ஏதோ உறுத்தியது. இந்த 'அடுத்த' என்ற வார்த்தையால் நான் ஒருமுறை செய்த தப்பை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

என் அக்கா மகன் காலேஜ் அணியில் பேஸ்கட்பால் ஆடினான். ஆறடிக்கு மேல் உயரம். அவனும் ஃபார்வர்ட்தான். அதே காலேஜில் எண்பதுகளில் ஆடிய அண்ணன் ஒருவர்தான் என் வாலிப வயசு ஹீரோ. போர்டுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையால் தலைக்கு மேலே வளைத்துப் போடுவார் பாருங்கள்... பந்து ரிங்கைத் தொடாமல் உள்ளே விழும். அவர் ஆடுகிற அன்றைக்கு நான் கிளாஸில் இருந்ததே கிடையாது.

மருமகன் முதல் மேட்ச் ஆடி முடித்ததும் ஓடிப்போய்த் தோளைத் தட்டினேன். "டேய், நீ அப்படியே அந்த அண்ணன்டா!"

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில் சொன்னேன். அவன் நண்பர்களிடம் சொன்னேன். அவன் நல்லா ஆடினால் "அண்ணன் மாதிரியே". சொதப்பினால் "அண்ணனா இருந்தா இதை விட்டிருக்கவே மாட்டார்".

ஒரு மேட்ச். கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறார்கள். இவன் கையில் பந்து. பக்கத்தில் ஒரு பையன் தனியாக நிற்கிறான். கொடுத்தால் போதும். இவன் கொடுக்கவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி, அந்த அண்ணன் போடுகிற மாதிரி வளைத்துப் போட்டான். பந்து ரிங்கில் பட்டு வெளியே போனது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டான். "மாமா, நான் அவரு மாதிரி ஆடலைன்னா நீங்க பார்க்க வர மாட்டீங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.

அவன் ஆட்டத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. அமெரிக்காவில் ஆடம் மாரிசன் என்று ஒரு காலேஜ் ஃபார்வர்ட். 2005-06 சீசனில் மேட்சுக்கு சராசரி 28 பாயிண்ட். அந்த நாட்டின் முதல் நிலைக் கல்லூரி ஆட்டக்காரர்களில் அதுதான் அதிகம். மீசை, தலைமுடி, எங்கிருந்து எறிந்தாலும் விழுகிற பந்து... எல்லாவற்றையும் பார்த்தவர்கள் 'இன்னொரு லேரி பேர்ட்' என்றார்கள். பாஸ்டன் அணிக்கு மூன்று பட்டங்கள் வாங்கிக் கொடுத்த மகா ஆட்டக்காரர் லேரி பேர்ட். 2006-ல் என்.பி.ஏ. அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது மூன்றாவது ஆளாக மாரிசனை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் முழங்காலில் அடி. 2010-க்குப் பிறகு அந்த லீகில் அவர் ஆடவே இல்லை. முழங்கால்தான் காரணம் என்று சொல்லலாம். ஆனால், சின்ன வயசில் சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் போட்டுக்கொண்டே அவ்வளவு தூரம் வந்த பையனை, 'லேரி பேர்ட் ஆக முடியாதவன்' என்றுதானே பலர் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

சரி, தன்ராஜ் பிள்ளைக்கே வருவோம். புனே பக்கம் கட்கியில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. மட்டை வாங்கக் காசில்லாமல், உடைந்த மட்டையைக் கயிறு கட்டி ஒட்டி ஆடியவர். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கோப்பை. 1998 பாங்காக்கில் அவர் தலைமையில்தான் 32 வருஷத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஹாக்கித் தங்கம் வந்தது.

ஆனால், நாலு ஒலிம்பிக்கிலும் அவருக்கு ஒரு பதக்கம்கூடக் கிடையாது. 2000 சிட்னியில், ஆட்டம் முடிய ரெண்டு நிமிஷம்கூட இல்லாதபோது போலந்து அடித்த ஒரு கோலில் அரையிறுதி கை நழுவியது. பாங்காக் தங்கத்தோடு வந்த கொஞ்ச நாளிலேயே அணியிலிருந்து அவரைத் தூக்கியிருக்கிறார்கள். நமக்கு இதெல்லாம் மறந்துபோகும். அந்த ஓட்டமும் பறக்கும் தலைமுடியும்தான் மனசில் நிற்கும்.

2024 பாரீஸ் ஒலிம்பிக் அணியில் கார்த்தி பெயர் இல்லை. அதே டீக்கடையில் அதே வாய் சொன்னது: "தன்ராஜ் எங்க, இவன் எங்க!"

ரெண்டு வருஷத்தில் ஏற்றி வைத்ததும் நாம்தான், இறக்கி விட்டதும் நாம்தான். அந்தப் பையன் இடையில் யாரிடமும் 'நான் தன்ராஜ்' என்று சொல்லவே இல்லை. ஒருவருடைய பதினைந்து வருஷத்தில் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்து, இன்னொருவருடைய ஒரு சாயங்காலத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்தப் பிள்ளைதான் பாஸாகும்?

இன்னொரு விஷயம் தெரியுமா? தன்ராஜுக்கும் ஒரு ஹீரோ இருந்தார். 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் ஃபார்வர்ட், காசிக்காரர் முகமது ஷாகித். அவர் பந்தை இழுத்துக்கொண்டு போகிற விதத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர்தான் தன்ராஜ். அது அவராகத் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஆசை. நான் மருமகன் தலையில் வைத்தது என் ஆசை. ரெண்டும் ஒன்றில்லை.

அடுத்த மேட்சுக்கும் போனேன். அந்த அண்ணனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன் என்று வையுங்கள். அன்றைக்குத்தான் கவனித்தேன்... இவன் பந்து போடுவதைவிடக் கொடுப்பதில் கெட்டிக்காரன். மூன்று பேர் நடுவில் மாட்டிக்கொண்டாலும், தனியாக நிற்பவன் எங்கே என்று இவனுக்குத் தெரிகிறது. அந்த அண்ணன் யாருக்கும் பந்து கொடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை!

வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தான். "எப்படி மாமா ஆடினேன்?"

பழைய பெயர் நுனி நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"மூணு பேரு மறிச்சப்ப அந்தக் குட்டைப் பையனுக்குக் கொடுத்தியே ஒரு பாஸ்... அது எப்படிடா?"

புவனகிரி பஸ் வருகிற வரைக்கும் அந்த ஒரு பாஸைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை ஆடிக்கொண்டோ, பாடிக்கொண்டோ, கணக்குப் போட்டுக்கொண்டோ இருக்கும். 'அடுத்த அவர்' என்று சொல்ல வாய் துடிக்கும்போது ஒரு வாய் டீ குடியுங்கள். அப்புறம், அது என்ன செய்தது என்று அதனிடமே கேளுங்கள்.